32 லட்சம் டாலரில் மிஞ்சியது 44 ஆயிரம்: குழந்தை நட்சத்திரத்தின் பணம், நேரம், பெயர்

2024 செப்டம்பரில் கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். அப்போது அவர் பக்கத்தில் இருந்தவர் டெமி லொவாட்டோ. பாடகர் என்று அறியப்பட்டாலும், சிறுவயதிலேயே தொலைக்காட்சியில் நடிக்க வந்தவர். இணையத்தில் வீடியோ போட்டுச் சம்பாதிக்கும் குடும்பங்கள், அதில் தோன்றும் குழந்தைகளுக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டங்களின் சாரம்.

செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி நியாயமானது. குழந்தை சம்பாதித்தால் அது குழந்தைக்குத்தானே? அதற்கு எதற்குத் தனிச் சட்டம்? பழைய சட்டம் ஒன்று 1939-லிருந்தே இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருந்தது?

விடை தேட ஷெர்லி டெம்பிளின் வாழ்க்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 1935 முதல் 1938 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலில் முதலிடம் பிடித்த சிறுமி. வளர்ந்த பிறகு நோயாளிகளுக்கான அமைப்புகளிலும் அரசுப் பொறுப்புகளிலும் உழைத்தவர். அவர் நடித்துச் சம்பாதித்த தொகை சுமார் 32 லட்சம் டாலர். முதல் திருமணம் முறிந்த பிறகு கணக்குக் கேட்டபோது கைக்கு வந்தது சுமார் 44 ஆயிரம் டாலர். நூறு டாலருக்கு ஒன்றரை டாலர்கூட இல்லை.

குழந்தை நட்சத்திரத்திடம் மூன்று சொத்துகள் உண்டு: பணம், நேரம், பெயர். முதல் இரண்டும் பெரியவர்கள் கையில் கரைகின்றன. மூன்றாவது மட்டும் வளர்ந்தபின் அவர் கைக்கே வந்து சேர்கிறது. சட்டம் இவற்றில் எதை எவ்வளவு காக்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. பணம்: அது யாருடையது?

ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில், வயது நிறையாத மைனர் சம்பாதிப்பது பெற்றோருக்கே உரியது. பெற்றோர் சோறும் உடையும் கூரையும் தருகிறார்கள். பதிலுக்கு மைனரின் உழைப்பும் கூலியும் அவர்களைச் சேரும். வயலில் அப்பாவுக்கு உதவும் பையனை மனத்தில் வைத்து உருவான விதி இது. வாரம் ஆயிரம் டாலர் வாங்கும் ஆறு வயதுச் சிறுமியை அந்த விதி எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவளுக்கும் அதுதான் பொருந்தியது.

இந்த விதியின் கோரம் ஊருக்குத் தெரிந்தது ஜாக்கி கூகன் வழக்கில். 1921-ல் சார்லி சாப்ளினுடன் நடித்து உலகப் புகழ் பெற்ற சிறுவன் அவர். குழந்தையாக அவர் சம்பாதித்தது 30 முதல் 40 லட்சம் டாலர் என்பது மதிப்பீடு. 1935-ல் கார் விபத்தில் தந்தை இறந்தார். 1938-ல் தன் பணத்தைக் கேட்டு, தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் கூகன் வழக்குப் போட்டார். சட்டப்படி அந்தப் பணம் பெற்றோருடையது என்பதே எதிர்த்தரப்பின் வாதம், அன்றைய சட்டத்தில் அதற்கு இடமும் இருந்தது. எஞ்சியிருந்த சுமார் இரண்டரை லட்சத்தில் பாதி, அதாவது 1,26,000 டாலர்தான் அவருக்குக் கிடைத்தது.

பொதுமக்களின் கோபத்தில் 1939-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. இன்றும் அதைக் கூகன் சட்டம் என்றே சொல்கிறார்கள்.

2. சட்டம் இருந்தும் ஷெர்லியின் பணம் ஏன் போனது?

காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை.

1. காலம் பிந்தியது. ஃபாக்ஸ் நிறுவனத்துடன் ஷெர்லியின் முதல் ஒப்பந்தம் 1933 டிசம்பரில், வாரம் 150 டாலருக்கு. 1934-லேயே அது ஆயிரம் டாலரானது; உடன் வரும் தாய்க்கு வாரம் 250 டாலர் தனி. அவருடைய பெருவருமானக் காலம் முழுவதும் 1939-க்கு முந்தையது. பின்னால் வந்த சட்டம் முன்னால் போன பணத்தைத் திருப்பித் தராது.

2. சட்டத்தின் உண்மையான நோக்கம் கலப்பானது. மைனர் போட்ட ஒப்பந்தத்தை மைனரே பின்னர் மறுத்துவிடலாம் என்பது பழைய விதி. ஒரு படம் எடுத்துப் புகழ் வந்ததும் குழந்தையின் குடும்பம் ஒப்பந்தத்தை உதறிவிட்டால் ஸ்டுடியோவுக்கு நஷ்டம். நீதிமன்றம் ஒப்புதல் அளித்த ஒப்பந்தத்தை அப்படி மறுக்க முடியாது. ஆகவே ஸ்டுடியோக்கள் ஒப்புதலுக்காக நீதிமன்றம் போயின. அப்படிப் போகும்போது, நிகர வருமானத்தில் பாதிவரை ஒதுக்கி வைக்கும்படி நீதிபதி உத்தரவிடலாம். ‘வேண்டும்’ என்று சட்டம் சொல்லவில்லை, ‘லாம்’ என்றுதான் சொன்னது. குழந்தையின் காப்பு, ஸ்டுடியோவின் காப்போடு ஒட்டிக்கொண்டு வந்த இலவச இணைப்பு போலத்தான் இருந்தது.

3. சின்ன ஒப்பந்தங்கள் நீதிமன்றத்துக்கே போகவில்லை. ஓரிரு நாள் கால்ஷீட்டுக்காக எந்த நிறுவனமும் வழக்கறிஞர் செலவு செய்யாது. ஒப்புதல் இல்லையென்றால் ஒதுக்கீடும் இல்லை.

4. ‘நிகரம்’ என்ற சொல். வரி, ஏஜென்ட் கமிஷன், பெற்றோர் காட்டும் செலவு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் பங்கு. செலவுக் கணக்கை எழுதுபவர்களே பணத்தைச் செலவழிப்பவர்களாகவும் இருந்தார்கள்.

5. உத்தரவை யார் நிறைவேற்றுவது? ஷெர்லியின் விஷயத்தில் இதுதான் கடைசி ஓட்டை. பிற்கால வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே போடும்படி நீதிமன்றம் சொல்லியும் தந்தை போடவில்லை. போட்டாரா என்று பார்க்க ஆளில்லை. அவர் வங்கியில் மேலாளராக இருந்தவர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கணக்குத் தெரியாதவர் கையில் சிக்கிய பணம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெரிய வீட்டின் செலவும், அண்டி வாழ்ந்த உறவினர்களும், கைகூடாத முதலீடுகளும் பணத்தைத் தின்றன.

இதற்காகத் தந்தை மேல் தனக்குக் கோபமில்லை என்று ஷெர்லி தன் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்தார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் குழந்தையின் பெருந்தன்மையை நம்பிச் சட்டம் எழுத முடியாது.

3. 2000-ல் வந்த திருத்தம்: இன்று கணக்கு எப்படி ஓடுகிறது?

பழைய சட்டத்தின் ஓட்டைகள் அறுபது ஆண்டுகள் அடைபடாமலே கிடந்தன. 2000 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டு அடிப்படைகளை மாற்றியது. ஒன்று, பொழுதுபோக்குத் துறையில் மைனர் சம்பாதிப்பது அவருடைய தனிச் சொத்து. பெற்றோருக்கு உரிமை கிடையாது. இரண்டு, நீதிமன்றம் போனாலும் போகாவிட்டாலும் மொத்த ஊதியத்தில் 15 சதவீதம் பூட்டிய கணக்கில் விழ வேண்டும்.

அந்தக் கணக்குக்குப் பெயரே கூகன் கணக்கு. நடைமுறை இது:

1. ஒப்பந்தம் கையெழுத்தான 7 வேலை நாட்களுக்குள் பெற்றோர் கணக்கைத் திறக்க வேண்டும். எல்லா வங்கிக் கிளையிலும் இந்த வகைக் கணக்கு கிடையாது. சாதாரணச் சிறார் சேமிப்புக் கணக்கைத் திறந்துவிட்டு, நிறுவனம் அதை ஏற்காமல் திருப்பியனுப்பும்போது விழிப்பவர்கள் உண்டு. ‘பெற்றோர் காப்பாளர், மைனர் பயனாளி, 18 வரை எடுக்கத் தடை’ என்பது கணக்கின் ஆவணத்திலேயே இருக்க வேண்டும்.

2. கணக்கு விவரத்தை நிறுவனத்திடம் எழுத்துமூலம் தர வேண்டும். பணத்தை நேரே கணக்கில் போடுவது நிறுவனத்தின் கடமை. பெற்றோர் கைவழியாக அது போவதில்லை. 1939 சட்டத்தின் ஐந்தாவது ஓட்டையை அடைத்தது இதுதான்.

3. குழந்தைக்குப் பதினெட்டு ஆகும்வரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் எடுக்க முடியாது. பதினெட்டு ஆனதும் பிறப்புச் சான்றிதழைக் காட்டி அவரே எடுத்துக்கொள்ளலாம்.

4. பெற்றோர் கணக்கே திறக்காவிட்டாலும் நிறுவனம் அந்தப் பங்கைத் தன் கையில் வைத்துக்கொள்ள முடியாது. கலைஞர்களின் நலநிதி அமைப்பு ஒன்றுக்கு அது அனுப்பப்பட்டு, குழந்தையின் பெயரில் காக்கப்படுகிறது. முன்பு நடித்து, கணக்கே இல்லாமல் போனவர்கள் வளர்ந்த பிறகு அங்கே தேடிப் பார்த்துத் தங்கள் பணத்தைப் பெறலாம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

5. கூட்டத்தில் ஒருவராக வந்துபோகும் துணை நடிகர்களுக்கு இந்த 15 சதவீதம் பொருந்தாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும். ஒரு வேலைக்கு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கூகன் கணக்குக்கு 1,500. ஏஜென்டுக்கு 10 சதவீதம், 1,000. மேனேஜர் இருந்து அவர் 15 சதவீதம் வாங்கினால் இன்னொரு 1,500. மிஞ்சுவது 6,000. ஆனால் வருமான வரி முழு 10,000-க்கும் பொருந்தும், பூட்டிய 1,500 உட்பட. ஆக வரியும் இந்த 6,000-த்திலிருந்தே போக வேண்டும்.

இந்த மீதிப் பணம் சட்டப்படி குழந்தையுடையதுதான். ஆனால் அதற்குப் பூட்டு இல்லை. ஊர்விட்டு ஊர் போய் வீடு எடுத்த வாடகை, வேலையை விட்டுவிட்டுக் கூட வரும் தாயின் வருமான இழப்பு என எல்லாம் இதிலிருந்து போகும். அவற்றில் நியாயமானவை நிறைய உண்டு. எது நியாயம் என்று வரி வரியாகக் கேட்க யாரும் இல்லாததுதான் சிக்கல். பதினெட்டு வயதில் வங்கிக்குப் போகும் இளைஞருக்கு உறுதியாகக் கிடைப்பது 15 சதவீதம். மற்ற 85, வீட்டாரின் நேர்மையைப் பொறுத்தது.

அப்படியும் அந்த 15-ஐக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஷெர்லியின் 32 லட்சத்துக்கு இந்த விதி இருந்திருந்தால், வட்டி இல்லாமலே 4,80,000 டாலர் இருந்திருக்கும். அவருக்குக் கிடைத்ததைப் போலப் பதினொரு மடங்கு.

4. நேரம்: பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து மணிக்கணக்கு வரை

ஃபாக்ஸுக்கு வருமுன், மூன்று, நான்கு வயதில், சின்னஞ்சிறு குழந்தைகளைப் பெரியவர்கள் போல உடுத்தி நடிக்க வைத்த குறும்படத் தொடர் ஒன்றில் ஷெர்லி நடித்தார். அந்தப் படப்பிடிப்பில் ஜன்னல் இல்லாத ஓர் ஒலிப்பதிவுப் பெட்டி இருந்தது. உள்ளே ஒரு பெரிய பனிக்கட்டி. சொன்னபடி செய்யாத குழந்தையை அதற்குள் தனியே விட்டுக் கதவை மூடுவார்கள். உட்கார வேண்டுமென்றால் பனிக்கட்டி மேல்தான் உட்கார வேண்டும். இதை அவரே பிற்காலத்தில் எழுதினார்.

வயதையும் விட்டுவைக்கவில்லை. ஸ்டுடியோ அவர் வயதில் ஒன்றைக் குறைத்தது. பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று அவர் நினைத்திருந்த நாளில்தான், உண்மையில் தனக்குப் பதின்மூன்று என்பதைத் தாய் சொல்லித் தெரிந்துகொண்டார்.

இன்று கலிபோர்னியாவில் படப்பிடிப்பு நேரம் வயதுவாரியாகக் கட்டப்பட்டிருக்கிறது. பள்ளி நாட்களுக்கான அளவு இது:

- 15 நாள் முதல் 6 மாதம் வரை: தளத்தில் 2 மணி நேரம்; கேமரா முன் 20 நிமிடம் மட்டும். கடும் விளக்கொளியில் ஒரே நேரத்தில் 30 நொடிக்கு மேல் கூடாது.
- 6 மாதம் முதல் 2 வயது வரை: தளத்தில் 4 மணி நேரம்; வேலை 2.
- 2 முதல் 6 வயது வரை: தளத்தில் 6 மணி நேரம், வேலை 3.
- 6 முதல் 9 வயது வரை: தளத்தில் 8, வேலை 4, படிப்பு 3, ஓய்வு 1.
- 9 முதல் 16 வயது வரை: தளத்தில் 9, வேலை 5, படிப்பு 3, ஓய்வு 1.
- 16 முதல் 18 வயது வரை: தளத்தில் 10, வேலை 6, படிப்பு 3, ஓய்வு 1.

கைக்குழந்தை வேடத்துக்கு இரட்டையரைத் தேடுவதன் காரணம் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரு குழந்தையின் 20 நிமிடம் தீர்ந்ததும் இன்னொன்றைக் கொண்டுவரலாம்.

இதைக் காப்பவர் ‘ஸ்டுடியோ ஆசிரியர்’. பாடம் நடத்துவது அவர் வேலையில் பாதிதான். குழந்தையின் உடல்நலம், பாதுகாப்பு, மனநலம் எல்லாம் அவர் பொறுப்பு. சரியில்லை என்று பட்டால் டேக் நடுவிலும் குழந்தையைத் தளத்திலிருந்து அழைத்துப் போக அவருக்கு அதிகாரம் உண்டு. பள்ளி நாட்களில் பத்துக் குழந்தைக்கு ஓர் ஆசிரியர், விடுமுறையில் இருபதுக்கு ஒருவர். கோளாறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: அவருக்குச் சம்பளம் தருவதும் தயாரிப்பு நிறுவனமே. படப்பிடிப்பை அடிக்கடி நிறுத்தும் ஆசிரியரை அடுத்த படத்துக்குக் கூப்பிடாமல் இருப்பது எளிது.

5. பெயர்: செலவழிக்கத் தெரிந்தவரின் கையில்

1950 டிசம்பரில் சார்லஸ் பிளாக்கை மணந்து ஷெர்லி திரையிலிருந்து விலகினார். வயது 22. பணம் போயிருந்தது, குழந்தைப் பருவமும் போயிருந்தது. உலகமே அறிந்த பெயர் ஒன்று மட்டும் மிச்சம்.

அதை அவர் எங்கே வைத்தார் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் பாதிப் பொருள் இருக்கிறது. அவருடைய அண்ணன் ஜார்ஜுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறை போல மயலின் என்ற உறை இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அந்த உறையைத் தாக்கி அரிக்கும் நோய் இது. பார்வை மங்கும், கால் மரக்கும், நடை தடுமாறும். வந்து, தணிந்து, மறுபடி வரும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. அன்று ஸ்கேன் வசதி இல்லாததால் நோயை உறுதி செய்யவே ஆண்டுக்கணக்கில் ஆகும். நோயின் போக்கைத் தணிக்கும் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1993-ல்தான்.

இந்த நோய்க்கான இயக்கமே ஒரு சகோதரியால் தொடங்கியது. 1945-ல் நியூயார்க்கில் சில்வியா லாரி, தன் சகோதரனுக்காக நாளிதழில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தார்: இந்த நோயிலிருந்து குணமான யாராவது இருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று. குணமானவர்கள் யாரும் எழுதவில்லை. அதே கேள்வியோடு தவித்தவர்கள் எழுதினார்கள். அந்தக் கடிதங்களிலிருந்து 1946-ல் ஒரு சங்கம் பிறந்தது.

அடுத்த படி, பல நாட்டுச் சங்கங்களை இணைப்பது. இதற்கு ஒரு மருத்துவக் காரணம் இருந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய நாடுகளில் இந்நோய் அதிகம், அருகில் குறைவு. காரணம் தேட வேண்டுமானால் பல நாட்டு நோயாளிகளை ஒப்பிட வேண்டும். ஒரே அளவுகோலில் நோயைக் கண்டறிய வேண்டும். ஆய்வு முடிவுகள் எல்லை தாண்ட வேண்டும். பனிப்போர் நடுவே அது எளிதாக இல்லை. 1967-ல் உருவான சர்வதேசக் கூட்டமைப்பின் நிறுவனர்களில் ஷெர்லியும் ஒருவர்.

அந்த வேலையாகத்தான் 1968 ஆகஸ்டில் பிராக் போனார். செக்கோஸ்லோவாக்கியத் தலைவர் அலெக்சாண்டர் டூப்செக்கைச் சந்திப்பதாக ஏற்பாடு. சந்திக்க வேண்டிய நாளில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் வந்துவிட்டன. விடுதியில் மாட்டிக்கொண்டார். ஆயுதமற்ற ஒரு பெண் தெருவில் சுட்டு வீழ்த்தப்பட்டதை அங்கிருந்து பார்த்தார். பிறகு அமெரிக்கத் தூதரகம் ஏற்பாடு செய்த வண்டி வரிசையில் வெளியேறினார்.

ஒரு நோய்க்கான தொண்டு அமைப்பின் பிரதிநிதியை ஒரு நாட்டின் தலைவர் ஏன் சந்திக்க ஒப்புக்கொள்ள வேண்டும்? வந்தவர் ஷெர்லி டெம்பிள் என்பதால். பெயரின் பயன் இதுதான்: மற்றவர்களுக்கு ஆறு மாதம் ஆகும் கதவு அவருக்கு ஒரு கடிதத்தில் திறக்கும். கதவு திறந்தபின் உள்ளே போய்ப் பேச விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியின் வீட்டில் ஒருத்தியாக இருந்ததும், அமைப்பின் வேலையைத் தானே பார்த்ததும் அதற்குக் கைகொடுத்தன.

6. 1972: பெயரைக் கொண்டு ஒரு வழக்கத்தை உடைத்தது

1972 இலையுதிர் காலத்தில் அவருக்கு மார்பில் கட்டி தெரிந்தது. வயது 44. அன்றைய வழக்கம் இப்படி: பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள், கட்டியிலிருந்து திசு எடுத்து உடனே சோதிப்பார்கள், புற்று என்று தெரிந்தால், மயக்கம் தெளியவிடாமலே மார்பையும் அடியிலுள்ள தசையையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றுவார்கள். அவள் கண் விழிக்கும்போதுதான் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியும்.

ஷெர்லி அதற்குச் சம்மதிக்கவில்லை. முதலில் சோதனை, முடிவைப் பார்த்து என்ன செய்வதென்று நானே சொல்கிறேன் என்றார். தசைகளை விட்டுவைக்கும் எளிய அறுவையைத் தேர்ந்தெடுத்தார். பிறகு மருத்துவமனையிலிருந்தே செய்தியாளர்களிடம் விஷயத்தைச் சொன்னார். கட்டி தெரிந்தும் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள் என்று பெண்களுக்குப் பத்திரிகையில் எழுதினார். மார்பகப் புற்று என்ற சொல்லையே வீட்டுக்குள் தணிந்த குரலில் சொன்ன காலம் அது. அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு தன் சிகிச்சையை வெளிப்படையாக அறிவித்ததற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு.

இதற்கு அறக்கட்டளை தேவைப்படவில்லை, நன்கொடையும் தேவைப்படவில்லை. தொண்டு என்றால் காசோலை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு நிகழ்வைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

7. நட்சத்திரத்தின் பெயரில் அமைப்பு என்றால் எதைப் பார்ப்பது?

முன்னாள் குழந்தை நட்சத்திரம் ஒருவர் தொண்டு அமைப்பு தொடங்கினார் என்று அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தால், புகைப்படத்தைத் தாண்டிப் பார்க்க வழி உண்டு. வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தரும் அறிக்கை, படிவம் 990, யாரும் பார்க்கக்கூடியது. துறையின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம்.

1. எந்த வகை? பொதுமக்களிடம் நிதி திரட்டும் பொதுத் தொண்டு அமைப்பா, ஒருவரோ ஒரு குடும்பமோ பணம் போட்ட தனியார் அறக்கட்டளையா? முதல் வகைக்கு, பொதுவாக வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காவது பரவலாகப் பொதுமக்களிடமிருந்தோ அரசிடமிருந்தோ வர வேண்டும். இரண்டாவது வகை, தன் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஆண்டுதோறும் தொண்டுக்குச் செலவிட வேண்டும்.

2. நிதி திரட்டும் விருந்துகள். ‘ஒரே இரவில் இத்தனை திரண்டது’ என்ற செய்தியில் வருவது மொத்தத் தொகை. மண்டபம், சாப்பாடு, மேடைச் செலவு போக நின்றது எவ்வளவு என்பது படிவத்தில் தனி வரியாக இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அது விருந்துதான்.

3. செலவின் மூன்று பத்திகள்: திட்டங்கள், நிர்வாகம், நிதி திரட்டல். நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதே சிறப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. ஆய்வுக்கு நிதி தரும் அமைப்பு விண்ணப்பங்களை நிபுணர்களை வைத்துச் சலித்தெடுக்க வேண்டும், அதற்குச் செலவு ஆகும். பல ஆண்டுகளாகத் திட்டப் பத்தி ஏறாமல் நிதி திரட்டல் பத்தி மட்டும் ஏறுவதுதான் கவலைப்பட வேண்டிய அறிகுறி.

4. நிர்வாகக் குழு. எல்லாரும் ஒரே குடும்பமா? நட்சத்திரத்தின் மேனேஜரே பொருளாளரா? குழந்தைப் பருவத்தில் பணத்தைத் தின்ற அதே அமைப்பு இங்கேயும் உருவாக வாய்ப்பு உண்டு: கணக்கு எழுதுபவரும் செலவு செய்பவரும் ஒருவரே.

5. அவர் வராத நாளில் அமைப்பு நடக்குமா? சில்வியா லாரியும் ஷெர்லியும் தொடங்கிய கூட்டமைப்பு இருவர் காலத்துக்குப் பின்னும் இயங்குகிறது. நாடுகளின் சங்கங்கள் உறுப்பினராக இருப்பதால், எந்த ஒரு பெயரையும் நம்பி அது நிற்கவில்லை.

8. வீடியோக் குடும்பங்கள்: பழைய ஓட்டை, புது இடம்

கூகன் சட்டத்துக்கு ஒரு முதலாளி தேவை. 15 சதவீதத்தைப் பிடித்துக் கணக்கில் போடுபவர் அவர்தான். பெற்றோரே கேமரா பிடித்து, பெற்றோரே வெளியிட்டு, விளம்பரப் பணம் பெற்றோர் கணக்குக்கே வரும்போது அந்த மூன்றாம் ஆள் இல்லை. 1939-க்கு முந்தைய நிலைதான். வீட்டுக்குள் நடப்பதால் ஸ்டுடியோ ஆசிரியரும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை.

முதலில் நகர்ந்தது இல்லினாய்ஸ் மாநிலம். அதன் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. 30 நாள் காலத்தில் வெளியான உள்ளடக்கத்தில் குறைந்தது 30 சதவீதத்தில் குழந்தை தோன்றினால், தோன்றும் அளவுக்கேற்ப வருமானத்தில் பங்கை ஒதுக்க வேண்டும். முழுவதும் தோன்றினால் அதன் வருமானத்தில் குறைந்தது பாதி. கலிபோர்னியாவின் 2024 சட்டங்களில் ஒன்று இதே தடத்தில் போகிறது. மற்றொன்று, தானே உள்ளடக்கம் உருவாக்கும் மைனருக்குக் கூகன் கணக்கை விரிக்கிறது.

கண்காணிப்பு இங்கேயும் வீட்டாரிடமே இருக்கிறது. எத்தனை நிமிடம் தோன்றினான், எவ்வளவு வந்தது என்ற பதிவேட்டைப் பெற்றோரே எழுத வேண்டும். பங்கைத் தராவிட்டால் குழந்தை வழக்குப் போடலாம். ஷெர்லி தன் தந்தை மேல் வழக்குப் போடவில்லை; பெரும்பாலான பிள்ளைகள் போடமாட்டார்கள்.

மின்னசோட்டா இன்னொரு பக்கம் நகர்ந்திருக்கிறது. 2025 ஜூலை முதல் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 14 வயதுக்குட்பட்டவர்களை இந்த வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. சிறுவயதில் தங்களைக் காட்டிய வீடியோக்களை நீக்கும்படி கேட்கவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. பணத்தையும் நேரத்தையும் கடந்து, மூன்றாவது சொத்துக்குச் சட்டம் வந்து சேர்ந்த இடம் இது. ஷெர்லிக்குக் கிடைத்த பெயர் நடிப்பால் வந்தது, அதை அவர் பிராக் வரை கொண்டுபோக முடிந்தது. தொட்டிலில் அழுததும் பள்ளியில் தோற்றதும் வீடியோவாகக் கிடக்கும் பிள்ளை, பதினெட்டு வயதில் முதல் வேலையாகத் தன் பெயரைத் தேடி, ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்லி எழுத வேண்டியிருக்கும்.